சுண்ணாம்பு தடவாத கலயம்

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். பனையிலிருந்து இறங்கிய அப்பா, இடுப்புக் கயிற்றைக்கூட அவிழ்க்காமல் ஒரு கலயத்தை என் காதோரம் கொண்டுவந்து, "கேளு மக்கா" என்றார். உள்ளே ஸ்ஸ்ஸ் என்று மெல்லிய இரைச்சல். முட்டம் கடற்கரையில் பொறுக்கிய சங்கைக் காதில் வைத்தால் ஒரு சத்தம் கேட்குமே, அதைவிடச் சன்னமானது. "உள்ள ஆளு வேல செய்யுது" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

தப்பு என்னுடையதுதான். குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கம் எங்கள் விளையிலும் (தோப்பிலும்) அக்கம்பக்கத்து விளைகளிலுமாக அப்பா முப்பது பனை ஏறினார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. கலயங்களின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவி வைப்பது என் வேலை. அன்றைக்கு ஒன்றை விட்டுவிட்டேன். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் ஊறியது அக்கானி, அதாவது மற்ற மாவட்டத்துக்காரர்கள் பதநீர் என்று சொல்வது. தடவாத கலயத்தில் ஊறியது கள். ஒரே பனை, ஒரே சாறு.

ஏன் அப்படி என்று புரிய இன்னும் பதினோரு வருடம் ஆயிற்று. நாகர்கோவிலில் தாவரவியல் படித்த காலத்தில் புக்னர் என்ற ஜெர்மன்காரரின் கதையை எங்கள் பேராசிரியை சொன்னார். 1897இல் அவர் யீஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்து, பிழிந்து, சாறு எடுத்தார். மருந்துக்குப் பயன்படுமா என்று பார்க்கத்தான். சாறு கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று, நாம் நெல்லிக்காயைச் சர்க்கரைப் பாகில் போடுவதுபோல, அதில் சர்க்கரையைக் கொட்டினார். சாறு நுரைத்தது. உயிருள்ள ஒரு செல்கூட இல்லாத வெறும் சாறு சர்க்கரையைச் சாராயமாக்கிக்கொண்டிருந்தது. சாராயம் புளிக்க உயிருள்ள யீஸ்ட் வேண்டும் என்று லூயி பாஸ்டர் சொல்லி, உலகம் நம்பியிருந்த காலம் அது. புக்னருக்கு 1907இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தச் சாற்றில் வேலை செய்த "ஆள்"தான் நொதி. ஆங்கிலப் பெயருக்கு மூலமான கிரேக்கச் சொல்லின் பொருள் "யீஸ்ட்டுக்குள்" என்பது. தமிழில் நொதித்தலிலிருந்து நொதி. பெயர் வைத்தவர் கலயத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வேன். நொதி என்பது மடிந்து சுருண்ட ஒரு புரதம். அந்த மடிப்பில் ஒரு குழி இருக்கும். அந்தக் குழிக்குள் பொருந்துகிற மூலக்கூறைப் பிடித்து, உடைத்தோ ஒட்டவைத்தோ வெளியே விடும். சுற்றியுள்ள நீரில் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது) மிகவும் ஏறிவிட்டால் குழியின் உருவமும் மின்சுமையும் குலையும். யீஸ்ட்டால் பெருகவும் முடியாது. அப்பா கையில் இருந்த சுண்ணாம்புக்கு வேலை அவ்வளவுதான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் நான் பாடம் நடத்தும் பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். கபடி ஆடுகிறவன். சுவாசித்தல் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது எழுந்து கேட்டான்: "டீச்சர், மேட்ச்சுக்கு முன்னால எனர்ஜி ட்ரிங்க் ரெண்டு டின் குடிச்சா மைட்டோகாண்ட்ரியா ரெண்டு மடங்கு ஓடுமா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருடமாக நான் நடத்திய விதத்தில் பார்த்தால் அவன் கேட்டது நியாயமான கேள்வி. குளுக்கோஸ் செல்லுக்குள் போகும், பத்துப் படி தாண்டி பைருவேட் என்ற சிறு மூலக்கூறாகும், செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் கிரெப்ஸ் சுழற்சி என்ற வினைத்தொடருக்குள் போகும், கடைசியில் 38 ஏடிபி, அதாவது செல் செலவழிக்கும் ஆற்றல் நாணயம், வரும். இப்படி ரேஷன் கடைக் கணக்கு மாதிரிதான் சொல்லித்தந்திருக்கிறேன். (அந்த 38உம் இப்போது இல்லை. 30, 32 என்றுதான் கணக்கிடுகிறார்கள். பழைய வினாத்தாள்கள் மட்டும் இன்னும் 38இலேயே நிற்கின்றன.) இந்தப் பக்கம் அதிகம் போட்டால் அந்தப் பக்கம் அதிகம் வரும் என்று பிள்ளைகள் நினைப்பதில் என்ன தப்பு?

நான் சொல்லாமல் விட்டது நடுவில் இருக்கும் தடைகளை.

ஏடிபி பற்றி எழுதுமுன் தமிழில் ஒரு சிக்கல். மூன்று பாஸ்பேட் உள்ளதையும் இரண்டு பாஸ்பேட் உள்ளதையும் ஆங்கிலச் சுருக்கத்தில் ஒரு எழுத்துதான் பிரிக்கிறது. தமிழில் எழுதினால் இரண்டுமே ஏடிபி! அதனால் என் வகுப்பில் மூன்று பாஸ்பேட் உள்ளது மட்டும் ஏடிபி. அதிலிருந்து ஒன்று கழன்றால் இரட்டை, இரண்டு கழன்றால் ஒற்றை. இந்தப் பதிவிலும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

ஏடிபியை 1929இல் கண்டெடுத்தவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்துக்காரர். ஹார்வர்டில் ஃபிஸ்கே என்பவரோடு வேலை பார்த்தார். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமனும் தனியாகக் கண்டுபிடித்தார். சுப்பாராவ் பெயரைச் சொன்னால் வகுப்பில் ஒரு நிமிர்வு வரும். அதற்காகவே ஒவ்வொரு வருடமும் சொல்வேன்.

இந்த ஏடிபியை உடம்பு சேமித்து வைப்பதில்லை. எந்த நேரத்தில் எடுத்துப் பார்த்தாலும் உடம்பு முழுவதிலும் சேர்த்து நூறு கிராம் சுமாருக்குத்தான் தேறும். ஆனால் ஒரு நாளில் செலவாகும் ஏடிபியை எடை போட்டால் கிட்டத்தட்ட நம் உடல் எடை அளவு வரும். அதே மூலக்கூறுகள் திரும்பத் திரும்பக் கழன்று, திரும்பத் திரும்ப ஒட்டவைக்கப்படுகின்றன. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்கும் வீடு மாதிரி. அப்படிப்பட்ட வீட்டில் வரவையும் செலவையும் யாராவது நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா? பார்க்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். பெயர்தான் வாயில் நுழையாது: பாஸ்போஃப்ரக்டோகைனேஸ். பத்துப் படிகளில் மூன்றாவது படியில் உட்கார்ந்திருக்கும் நொதி.

ஏன் மூன்றாவது படி, முதல் படியிலேயே தடுத்தால் என்ன என்று கேட்டால் அதற்கும் அக்கானிதான் பதில். இறக்கிய அக்கானிக்கு வழிகள் உண்டு. அப்படியே குடிக்கலாம், அடுப்பேற்றிக் கருப்பட்டியாக்கலாம். முதல் படி தாண்டிய குளுக்கோஸும் அந்த நிலையில்தான் இருக்கிறது. கிளைகோஜன் என்ற மாவுப்பொருளாகச் சேமிக்கலாம், வேறு பாதையில் திருப்பிவிடலாம். மூன்றாவது படி தாண்டிவிட்டால் அது அடுப்புக்கென்று ஆகிவிட்டது. காவல் போடுவதானால் அங்கே போடுவதுதான் புத்தி.

இந்த நொதிக்கு வேலை செய்யும் குழி ஒன்று இருக்கிறது. அது போக, உத்தரவு கேட்கும் குழிகள் தனியாக இருக்கின்றன. ஏடிபி நிறைய இருந்தால் அதுவே வந்து அப்படி ஒரு குழியில் உட்காரும். நொதி மந்தமாகும். தயாரிக்க வேண்டிய பொருளே தயாரிப்பை நிறுத்துகிறது. உள்ளேயே சுண்ணாம்பு வைத்திருக்கிறது செல். தேவைப்பட்டால் துடைத்துவிடக் கூடிய சுண்ணாம்பு. கிரெப்ஸ் சுழற்சியில் சிட்ரேட் என்ற இடைப்பொருள் தேங்கினால் அதுவும் வெளியே வந்து இதே நொதியை அமர்த்தும். "இங்கே ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கிறது, இனி அனுப்பாதே" என்று கீழ்வீட்டிலிருந்து வரும் சேதி.

தடையை நீக்குவது ஒற்றை. இது எனக்கு மிகவும் பிடித்த இடம், கொஞ்சம் நின்று சொல்கிறேன். வேலை நடக்கும்போது ஏடிபி கழன்று இரட்டை ஆகும். இரட்டைகள் சேர்ந்தால் ஒரு நொதி அவற்றில் இரண்டைப் பிடித்து, ஒன்றின் பாஸ்பேட்டைப் பிடுங்கி மற்றதில் ஒட்டும். கைக்கு ஒரு ஏடிபி, மிச்சம் ஒரு ஒற்றை. ஓய்வாக இருக்கும் செல்லில் ஒற்றை மிக மிகக் குறைவு. அதனால் ஏடிபி பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஒற்றை பல மடங்கு கூடிவிடும். கையில் ஆயிரம் ரூபாய் வைத்திருப்பவள் தொள்ளாயிரம் ஆனால் கவனிக்கமாட்டாள். மளிகைக் கடைப் பற்று நோட்டில் பத்து ரூபாய் இருந்த இடத்தில் ஐம்பது ஏறியிருந்தால் உடனே கண்ணில் படும். செல் பார்ப்பது அந்தப் பற்று நோட்டை. ஒற்றை போய் நொதியில் உட்கார்ந்ததும் ஏடிபி போட்ட தடை விலகி, சர்க்கரை உள்ளே இறங்கும்.

ஆகவே கபடிக்காரனுக்கு நான் சொன்ன பதில் இது. நீ எவ்வளவு குடித்தாய் என்று உன் தசை கேட்பதில்லை. எவ்வளவு செலவழித்தாய் என்றுதான் கேட்கிறது. ஆடினால் ஓடும். டின்னைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அந்தச் சர்க்கரை சேமிப்புக்குப் போகும், மிஞ்சினால் கொழுப்பாகும். ("அப்போ அந்தச் சுறுசுறுப்பு?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல். அது காஃபீன் தம்பி, சாயாவிலும் இருக்கிறது.)

அப்பா பனையேறுவதை வைத்துத்தான் மீதியைச் சொன்னேன். காலில் தளைநாரை மாட்டி முதல் சில எட்டு வைக்கும்போது தசையில் இருக்கும் ஏடிபி நொடிகளில் தீர்ந்துபோகக் கூடியது. உடனே தசை கைவசம் வைத்திருக்கும் கிரியாட்டின் பாஸ்பேட் என்ற பொருள் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து அதை மீட்கும். முழு மூச்சாக உழைத்தால் அதுவும் சுமார் பத்து நொடிக்குத்தான். (இந்தக் கிரியாட்டின் பாஸ்பேட்டும் 1927இல் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் வெளியிட்டதுதான்.) அதற்குள் சர்க்கரைப் பாதை சூடேறிவிடும். ஆக்சிஜன் வந்து சேரும் வேகத்தைவிடச் செலவு வேகமாக இருந்தால் பைருவேட் லாக்டேட்டாக மாறும். அதைக் கழிவு என்று நாங்கள் படித்தோம். அப்படியில்லை. இதயம் அதை எரித்துக்கொள்ளும். கல்லீரல் மறுபடி குளுக்கோஸாக்கித் திருப்பி அனுப்பும். ஒரு பனை இறங்கி, அடுத்த பனைக்கு நடக்கும் நேரத்தில் அப்பா ஒரு வார்த்தை பேசமாட்டார். மூச்சு மட்டும் வாங்கிக்கொண்டிருப்பார். அந்த நடையில்தான் பழைய கணக்குத் தீர்ந்துகொண்டிருந்தது.

இன்னொன்று. தசை சுருங்க வேண்டும் என்ற உத்தரவு கால்சியமாக வருகிறது. அதே கால்சியம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்து, பைருவேட்டைக் கிரெப்ஸ் சுழற்சிக்குள் விடும் நொதியையும் அந்தச் சுழற்சியின் சில நொதிகளையும் தட்டி எழுப்புகிறது. ஏறச் சொன்ன அதே ஆள், போகிற போக்கில் அடுப்பையும் ஊதிவிட்டுப் போகிறார்.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு எங்கள் ஊர் உதாரணம் பேச்சிப்பாறை அணை. உணவிலிருந்து உருவிய எலக்ட்ரான்கள் படிப்படியாக இறங்கி ஆக்சிஜனைச் சேரும். இறங்கும்போது புரோட்டான்களைச் சவ்வுக்கு அப்பால் இறைத்துத் தேக்கும். தேங்கிய புரோட்டான்கள் ஒரு சின்னச் சுழலியின் வழியே திரும்பி வருகையில் அது சுழன்று ஏடிபியை ஒட்டவைக்கும். உண்மையாகவே சுழல்கிறது, நொடிக்கு நூறு சுற்றுக்கும் மேல். இப்படி இருக்கலாம் என்று பீட்டர் மிட்செல் 1961இல் எழுதியபோது பலர் நம்பவில்லை. 1978இல் அவருக்கு நோபல் கொடுத்தார்கள். அணையில் ஷட்டரைத் திறந்தால் வயலில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்ணீர் ஓடும். இங்கே ஒட்டவைக்க இரட்டை வந்து நிற்காவிட்டால் சுழலி நிற்கும், புரோட்டான் தேங்கும், எலக்ட்ரான் நிற்கும், ஆக்சிஜன் செலவுகூடக் குறையும். கடைசி முனையிலும் செலவுதான் எஜமான்.

அணையில் ஓட்டை போட்டால்? 1930களில் டைநைட்ரோஃபீனால் என்ற பொருளை இளைக்கும் மருந்தாக அமெரிக்காவில் விற்றார்கள். அது புரோட்டான்களைச் சுழலியைச் சுற்றிக் கசியவிடும். உடம்பு எரித்துக்கொண்டே இருக்கும், ஏடிபி சரியாக வராது, சூடுதான் வரும். இளைத்தார்கள். சிலர் காய்ச்சல் ஏறிச் செத்துப்போனார்கள். 1938இல் அதை நிறுத்தினார்கள். மொபைலில் வரும் "கொழுப்பை எரிக்கும்" பொடி விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

அந்தக் கடைசி முனையை முழுக்க அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம், எங்கள் வீட்டு மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) போதும். அம்மை கிழங்கைத் துண்டுபோட்டு அவித்து, அந்தத் தண்ணீரை ஒட்ட வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தேங்காய் சேர்த்துக் கிளறுவாள். சாளைக் கறியோடு அதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் யாரும் ஏன் வடிக்கிறோம் என்று கேட்டதில்லை. மரச்சீனியில் லினமாரின் என்ற பொருள் ஒரு அறையில் இருக்கிறது. அதை உடைக்கும் நொதி இன்னொரு அறையில். எலியோ பூச்சியோ கடித்தால் இரண்டும் கலந்து சயனைடு வெளிவரும். கிழங்கின் தற்காப்பு அது. கொதிக்கிற தண்ணீரில் நொதி சீக்கிரமே செயலிழந்துவிடும். உடையாத லினமாரினில் பெரும்பங்கு தண்ணீரில் கரைந்து இறங்கும். அதனால்தான் தண்ணீரைக் கொட்டுவது. துண்டு சிறிதாக இருந்தால் நல்லது. கசக்கும் கிழங்கு என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

சயனைடு போய் உட்காருவது எலக்ட்ரான் ஆக்சிஜனைச் சேரும் அந்தக் கடைசி நொதியின் இரும்பில். அங்கே அடைத்தால் பின்னால் வரிசையாக எல்லாம் தேங்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கும், செல்லால் எடுக்க முடியாது. அப்படி விஷமேறியவரின் சிரை ரத்தம்கூடப் பளிச்சென்று சிவந்திருக்குமாம். ஏடிபி இல்லை, ஒற்றை கூடிவிட்டது, மூன்றாவது படிக் காவலாளி எல்லாத் தடையும் நீக்கிச் சர்க்கரையைக் கொட்டுகிறார். பயனில்லை, லாக்டேட்தான் குவியும். மரச்சீனியை நம் பக்கத்தில் பரப்பிய திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் காலத்திலேயே அவிக்கும் முறையும் கூடவே பரவியிருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது ஊரைக் காப்பாற்றிய கிழங்கு. ஒவ்வொரு வீட்டிலும் அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்ட ஓர் அம்மை இருந்தாள்.

சரி, வகுப்பில் நான் செய்த சோதனைக்கு வருகிறேன். சுண்ணாம்பின் வேலையை நேரில் காட்ட வேண்டும் என்று ஆசை. சுண்ணாம்பு தடவாத கலயத்தை வகுப்புக்குக் கொண்டுபோனால், கள்ளுக்குத் தடை உள்ள மாநிலத்தில் என் பெயர் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். அதனால் இரண்டு பாட்டில் எடுத்தேன். இரண்டிலும் கருப்பட்டி கரைத்த தண்ணீர், பேக்கரி யீஸ்ட். ஒன்றில் மட்டும் சுண்ணாம்பு. இரண்டு வாயிலும் பலூன். மதியத்துக்குள் ஒரு பலூன் எழுந்து நின்றது, மற்றது தொங்கியது. நான் வெற்றிப் புன்னகையோடு விளக்க ஆரம்பித்தேன்.

முன்பெஞ்சில் எப்போதும் வாயைத் திறக்காத ஒரு பெண் கை தூக்கினாள். "டீச்சர், சுண்ணாம்புத் தண்ணி கார்பன் டை ஆக்சைடக் குடிச்சிருமே. பால் மாதிரி ஆகும்லா. அப்போ உள்ள நொதிச்சாலும் பலூன் எழும்பாதே?"

எனக்கு ஒரு நிமிடம் நாக்கு ஒட்டிக்கொண்டது. சரியான கேள்வி. என் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. மறுநாள் பலூனை விட்டுவிட்டு மூக்கை நம்பினோம். இரண்டு பாட்டிலையும் திறந்து முகர்ந்தோம். ஒன்றில் கள் வாசம், வகுப்பே முகம் சுளித்தது. சுண்ணாம்பு போட்டதில் வெறும் கருப்பட்டி வாசம்தான். அப்போது அவளே அடுத்த கேள்வியையும் போட்டாள். கலயத்தின் வாய் திறந்துதானே இருக்கிறது, ஆக்சிஜன் உள்ளே போகுமே, பிறகு ஏன் யீஸ்ட் முழுதாக எரிக்காமல் சாராயத்தோடு நிறுத்திவிடுகிறது? காற்று இருந்தால் யீஸ்ட் சர்க்கரையைச் சிக்கனமாகச் செலவழிக்கும் என்று பாஸ்டரே பார்த்திருக்கிறார். ஆனால் சர்க்கரை மிதமிஞ்சி இருந்தால் நம் ரொட்டி யீஸ்ட் காற்றிருந்தும் நொதிக்கும். அதற்கு கிராப்ட்ரீ விளைவு என்று பெயர். அக்கானியில் சர்க்கரைக்கு என்ன பஞ்சம்! வேகமாகத் தின்று, சாராயத்தைக் கக்கி, மற்ற நுண்ணுயிர்களை விரட்டிவிட்டு, கடைசியில் அந்தச் சாராயத்தையும் தானே எரித்துக்கொள்ளும். இதைச் சொன்னதும் கபடிக்காரன், "பயங்கரமான ஆளு டீச்சர்" என்றான்.

சுண்ணாம்பு போடாத பாட்டிலை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. பனை ஏறுவதை விட்டு வெகுகாலமாயிற்று. எங்கள் விளையில் இப்போது ரப்பர்தான். திண்ணையில் இருந்தவர் காதோரம் பாட்டிலை வைத்து, "கேளுங்கப்பா" என்றேன். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். காது முன்போல இல்லை. பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். ஒரு விரல் நனைத்து நாக்கில் வைத்தார்.

"கருப்பட்டி எங்க வாங்கின?"

கடையைச் சொன்னேன்.

"பாதி சீனி கலந்திருக்கான் மக்கா" என்று பாட்டிலைத் திருப்பித் தந்துவிட்டார்.